எடைமேடை பாயும் சின்ன லேப்டாப்பும்

நூர் அகமது பாயிடம் இருந்த பெரிய லேப்டாப்பை வித்துத் தின்னவன் நான்தான் என்று பழவேற்காட்டில் நாலு பேர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னால் பதில் சொல்லலாம். கல்யாண வீட்டில் போய் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் திரும்பி, "வேன் ஓட்டற குப்புராஜ்தானே, பாய்க்குக் கம்ப்யூட்டர் மாத்திக் குடுத்தது" என்று கேட்பார். கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்காமல் பிரியாணியைக் கிளறுவார். அந்தக் கிளறலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். போன ரம்ஜானுக்கு பாயின் மகள் இர்பானா ஊருக்கு வந்தபோது, "நடந்ததை நடந்தபடி எழுதுங்க மாமா, வாப்பாவும் போயாச்சு, இனிமே மறைக்க யாரு இருக்காங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நூர் அகமது பாய் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு எடைமேடையில் வேலை பார்த்தார். லாரியை லாரியாகவே ஏற்றி எடை போடுகிற மேடை. காலியாக ஏறினால் ஒரு எடை, சரக்கோடு ஏறினால் ஒரு எடை, கழித்தால் சரக்கு. அவர் குடும்பம் பழவேற்காட்டில் கருவாடும் லுங்கியும் வியாபாரம் பண்ணிய குடும்பம். அண்ணன் தம்பி எல்லாரும் கடை வைத்தார்கள். இவர் மட்டும், "எனக்கு வெலை சொல்ல வராது, எடை சொல்ல வரும்" என்று இங்கே வந்துவிட்டார். மேடை ஓரம் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு ரூம், அதற்குப் பின்னால் இன்னொரு ரூம். முன்னால் வேலை, பின்னால் படுக்கை. மனைவி மெஹர்னிசா இறந்துபோன பிறகு ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பின் ரூமிலேயே தங்கிவிட்டார்.

நான் கம்பெனி ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். ஒரு ஷிப்டுக்கும் இன்னொரு ஷிப்டுக்கும் நடுவில் வேனை எடைமேடை ஓரம் நிறுத்திப் போட்டுத் தூங்குவேன். தூக்கத்திலும் அவர் மைக்கில் சொல்வது காதில் விழும். "டிரைவர் எறங்கு. கிளீனர் எறங்கு." ஆள் உள்ளே இருந்தால் எடை தப்பு. அதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் எழுந்தால் ஜன்னலில் இருந்து டீ வரும்.

"இன்னா குப்பு, வேனை மேடையில ஏத்து. உன் தொப்பை எவ்ளோன்னு பாத்துடலாம்."

"முதல்ல உன் நாக்கை ஏத்து பாய்."

எங்கள் பேச்சு அவ்வளவுதான். அவருக்கும் வேறு பேச்சுத்துணை கிடையாது, எனக்கும் கிடையாது. அதனால் அதுவே போதுமானதாக இருந்தது.

சர்க்கரை அவர் கண்ணில் இறங்கியது. கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். இருக்கிற பார்வையைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம், போனது வராது என்று சொல்லிவிட்டார்கள். நேராகப் பார்த்தால் நடுவில் புகை மாதிரி நிற்கும், ஓரத்தில் கொஞ்சம் தெரியும். அதனால் எதையும் கோழி மாதிரி தலையைச் சாய்த்துத்தான் பார்ப்பார். எடை நம்பர் சிவப்பு விளக்கில் பெரிசாக எரியும், அதைக் கிட்டப் போய்ப் படித்துக்கொள்வார். வேனில் திரும்பி வரும்போது கவரைப்பேட்டை தாண்டினதும் ஒன்றே ஒன்று சொன்னார்.

"இர்பானாவுக்குத் தெரியக் கூடாது."

இர்பானா ஒரே பெண். மலேசியாவில், கிள்ளான் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை பெயர் நியாஸ். அம்மா இறந்து மௌத்துக்கு வந்த பெண், நாற்பதாம் நாள் காரியம் முடிந்தும் கிளம்பவில்லை. வாப்பா தனியாக இருக்கிறாரே என்று உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து போன் வந்தது, போனில் வார்த்தை தடித்தது, ஜமாத் வரைக்கும் போகிற மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் பாயே அவளை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டார். அந்த வண்டியும் நான்தான் ஓட்டினேன். அதற்கப்புறம் அந்த வீடு ஒருவழியாக நேரானது, அவள் முழுகாமல் இருந்தாள். இப்போது வாப்பாவுக்குக் கண் போகிறது என்று தெரிந்தால் அடுத்த பிளேனில் வந்து நிற்பாள். வந்தால் திரும்பிப் போகமாட்டாள். "என் கண்ணு போறது போவுது, அவ ஊடு ஏன் போவணும்" என்றார் பாய். இதுதான் விஷயம். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பெரிய லேப்டாப் மாப்பிள்ளை உபயோகித்துப் பழசானது. மௌத்துக்கு வந்தபோது, மகளோடு பேசுவதற்கு என்று விட்டுவிட்டுப் போனார். அகலமான திரை. பாய் அதை முதல் நாளே எடைமேடையில் கொண்டுபோய் வைத்தார். மேடை பூஜ்யம் என்றது. "இன்னா அநியாயம் பாரு குப்பு. தூக்கிக்கினு நடந்தா தோளு கழண்டு போவுது, மேடை இது ஒண்ணுமே இல்லன்றது."

அதை எங்கே வைத்துப் பேசுவது என்பது பெரிய பாடு. இன்டர்நெட்டுக்கு விரல் நீளத்தில் ஒரு டேட்டா கார்டு வாங்கினோம். எடைமேடையைச் சுற்றி எல்லாம் இரும்பு ஷெட்டு. அங்கே சிக்னல் வரவே இல்லை. அலைந்து பார்த்ததில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில்தான் வந்தது. அங்கே பிளக் கிடையாது. பெரிய பெட்டியோ பழசு. திறந்து வைத்து, அது முழிச்சு, டேட்டா கார்டு சேர்ந்து, அவள் வந்து, "வாப்பா" என்பதற்குள் சார்ஜ் இறங்கிவிடும். தொடையில் வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடும்.

நான் ஒரு வேலை செய்தேன். தூரத்து லாரிக்காரர்கள் கேபினில் டிவி பார்க்க வைத்திருக்கிற மாதிரி என் வேன் பேட்டரியில் ஒரு இன்வெர்ட்டர் மாட்டினேன். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் கம்பி வேலிக்கு வெளியே வேனை நிறுத்தினால் அங்கேயும் சிக்னல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின் சீட்டில் பாயை உட்கார வைத்து, பெரிய பெட்டியை முன் சீட்டு முதுகில் சாய்த்து வைத்தேன். அவள் முகம் முழுத் திரைக்கு வந்தது. பாய் கன்னத்தைத் திரையில் ஒட்டுகிற மாதிரி சாய்ந்து, ஒரு கண்ணால் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கன்னம் ஒட்டிப்போச்சே உனக்கு. துன்றியா இல்லியா?"

"நீங்க என்னைப் பாக்கறீங்க வாப்பா. நான் உங்களைப் பாக்க வேணாமா? நீங்க இளைச்சீங்களா பெருத்தீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பெட்டியில் கேமரா இல்லை. தனியாகக் கேமரா வாங்கி மாட்டிப் பார்த்தோம். டேட்டா கார்டும் கேமராவும் சேர்ந்து மாட்டினால் பெட்டி அப்படியே நின்றுபோகும். எடுத்தால் ஓடும். ஒன்று பேச்சு, இல்லையென்றால் படம் என்றது அந்த மெஷின்.

அவள் வாராவாரம் அதையே கேட்டாள். குரலில் ஏதோ மறைக்கிறார் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. "நல்லா இருக்கேன்னு வாயால யாரு வேணா சொல்லலாம் வாப்பா. பிரசவம் ஆவட்டும், குழந்தையைத் தூக்கிக்கினு நேரா வந்து பாத்துடறேன்" என்றாள் ஒரு நாள். பாய் லேப்டாப்பை மூடிவிட்டு வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பஜாரில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் மோசஸ் கடைக்குப் போகச் சொன்னார். அப்போதுதான் சின்ன லேப்டாப் வர ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடப் பையன் சிலேட்டை விட ஒரு விரல் அகலம். மோசஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான்.

"பாய், சொல்லிடறேன். பெரிசுல சிடி போடலாம், இதுல போட முடியாது. பெரிசு சட்டுனு வேலை செய்யும், இது யோசிச்சு யோசிச்சு செய்யும். உங்க விரலுக்கு இதுல ஒரே நேரத்துல மூணு கட்டை அழுந்தும். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியும். ஆனா ஒண்ணு. இது அரை நாள் தாங்கும், சூடாவாது, கேமரா மூடியிலயே கீது."

"கேமராவும் கார்டும் ஒண்ணா ஓடுமா?"

"ஜோரா ஓடும்."

நான் பாயைத் தனியாக வெளியே இழுத்து வந்தேன். "பாய், புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? பெரிசுலயே நீ கன்னத்தை வச்சுத் தேய்ச்சாதான் அவ மூஞ்சி தெரியுது. இதுல அவ தீப்பெட்டி சைசுக்குத்தான் வருவா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும் இல்ல."

"இன்னா தெரியும்?"

"நான் நல்லா கீறது."

பெரியதைக் கொடுத்துவிட்டுச் சின்னதை வாங்கி வந்தோம். என் பைக்குள் எதுவும் போகவில்லை. மோசஸ் இன்றும் கடை வைத்துத்தான் இருக்கிறான், கேட்டுக்கொள்ளலாம்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் பாய் மத்தியானமே சவரம் பண்ணிக்கொள்வார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தொப்பி. இப்போது வேன் வேண்டியதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பெட்டியை மடியில் வைத்துத் திறந்து வைத்தால் போதும். அவள் வருகிற நேரம் சொல்ல முடியாது. மாமியார் வீட்டில் வேலை முடிந்து, கம்ப்யூட்டர் கிடைத்தால்தான் வருவாள். சில வாரம் வரவே மாட்டாள். பெரியது முகம் பார்க்க நல்லது, சின்னது காத்திருக்க நல்லது. மெட்ராஸிலிருந்து வருகிற லோக்கல் யூனிட் ரயில் ஒவ்வொன்றாக வந்து, ஜனம் இறங்கி, பிளாட்பாரம் காலியாகி, மறுபடி அவர் ஒருத்தர் மட்டும் இருப்பார். மடியில் அந்த வெளிச்சம் இருக்கும். தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு ஏதோ பெரிய ஆபீஸர் வேலை பார்க்கிறார் என்று தோன்றும். திரையில் ஒன்றுமே இருக்காது.

கேமராவுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி எரியும். அது மட்டும் ஓரக்கண்ணில் மங்கலாகத் தெரிகிறது என்றார். தலையைச் சாய்க்காமல் அந்தப் புள்ளி இருக்கிற திசைக்கு நேராக முகத்தை வைக்கப் பழகினார். ரூமில் என்னை எதிரில் உட்கார வைத்துப் பழகினார். "இப்ப உன்னைப் பாக்கற மாதிரி கீதா?" "என் காதைப் பாக்கற." "இப்ப?" "இப்ப சரி."

நான் கேமராவில் விழாத மாதிரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, திரையில் வருவதை மெல்லச் சொல்லுவேன். குழந்தை பிறந்து முதல் தடவை அவள் காட்டியபோது, படம் நின்று நின்றுதான் வந்தது. ஒரு துணி மூட்டையும் ஒரு மூக்கும் தெரிந்தது எனக்கு.

"யாரு மாதிரி இருக்கான் வாப்பா? சொல்லுங்க."

பாய் முழங்கையால் என்னை இடித்தார். எனக்கு வந்ததைச் சொன்னேன். "உன் ஊட்டம்மா ஜாடை."

"உங்கம்மா ஜாடைடி" என்றார் பாய் பச்சைப் புள்ளியைப் பார்த்து. அந்தப் பக்கம் அவள் அழுதாள்.

லேப்டாப்பை மூடின பிறகு கேட்டார். "ஏன்டா, நீ எப்ப மெஹர்னிசாவைப் பாத்த?"

"பாக்கல."

"பின்ன?"

"இன்னா சொல்லச் சொல்ற? மூக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. மூக்கு மாதிரி கீதுன்னு சொல்லவா?"

அன்றைக்கு அவர் சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை. அப்புறம் ரூமுக்கு வருகிற வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

மாசங்கள் போயின. எடைமேடையில் சிவப்பு நம்பரும் அவருக்குப் புகைக்குள் போய்விட்டது. முதலாளி கெட்டவர் இல்லை. வேறு ஆளைப் போட்டுவிட்டு, பின் ரூமில் இருந்துகொள்ளச் சொன்னார். மைக்கில் வேறு குரல் "டிரைவர் இறங்கு" என்று சொல்லும்போது பாய் படுக்கையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். மகளிடம் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதாகவே சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசிக்கொண்டிருக்கும்போதே ரயில்வே ஆள் வந்து, வேன் வழியில் நிற்கிறது, எடு என்றான். போய் நகர்த்திவிட்டு வந்தேன். பாய் சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் உக்காந்துக்கினு கீறான் உன் மடியில. கையைப் பாரு, சும்மா இருக்குதா அது. துறுதுறுன்னு."

நான் திரையைப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. பின்னால் சுவர், சுவரில் ஒரு காலண்டர். குழந்தை தூங்கிவிட்டது என்று தொட்டிலில் போடப் போயிருக்கிறாள். போகும்போது சொல்லியும் இருப்பாள். சிக்னல் அறுந்து அந்த வார்த்தை இவருக்கு வந்து சேரவில்லை. திரை ஓரத்தில் இர்பானா நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, காலி நாற்காலியைப் பார்த்துச் சிரிக்கிற அவள் வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவசரத்தில் கேமராவுக்கு நேராகப் போய்விட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். விரலை எடுத்து உதட்டில் வைத்தாள், சொல்லாதே என்று. அப்புறம் மெதுவாக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆமா வாப்பா" என்றாள். "கையைப் புடிச்சு வைக்க முடியல இவனை."

அன்றைக்கு ரூமுக்குத் திரும்பும்போது, "படம் நல்லா வந்துதா குப்பு?" என்று கேட்டார். "நல்லா வந்துது பாய்" என்றேன். அவளிடம் சொல்லக் கூடாது என்று இவர். இவரிடம் சொல்லக் கூடாது என்று அவள். நடுவில் நான், இரண்டு பேர் சரக்கையும் ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டி மாதிரி.

அவள் வந்துவிடுவாள் என்று பயந்தேன். வரவில்லை. ஏன் என்று போன ரம்ஜானுக்கு வந்தபோதுதான் சொன்னாள். "நான் வந்திருந்தா, மறைக்க முடியாமப் போச்சேன்னே அவரு ஒடுங்கிப்போயிருப்பாரு மாமா. அவருகிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்." சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவள் எதைக் காட்டினாலும் வாயால் சொல்லிக்கொண்டே காட்ட ஆரம்பித்தாள். "பச்சைச் சட்டை போட்டிருக்கான் பாருங்க வாப்பா, நெஞ்சுல ஒரு வாத்து." "இப்ப முட்டி போட்டு நிக்கறான் பாருங்க, விழுந்துட்டான்." பாயும் "பச்சை அவனுக்கு எடுப்பா கீது" என்பார். பெஞ்சு ஓரத்தில் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. பழக்கத்துக்காக உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் நியாஸ் மெட்ராஸுக்கு வியாபார வேலையாக வந்தவர் பழவேற்காட்டுக்கும் வந்தார். பாயை நான்தான் வேனில் கூட்டிப்போய், கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன்; வயசுத் தள்ளாமை என்று நினைத்துக்கொண்டார்கள். சின்னப் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் குடுத்தது எங்க? நல்ல மெஷின் ஆச்சே அது. யாரு இந்தப் பொம்மையைத் தலையில கட்டினது?" என்றார். அண்ணன் தம்பிகள் எல்லாம் இருந்தார்கள். எல்லார் கண்ணும் என் மேல் வந்தது.

"நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றார் பாய்.

"பெரிய திரையை விட்டுட்டு சின்னதை யாராவது வாங்குவாங்களா மாமா? அதுவும் உங்க வயசுல? ஏன் மாத்தினீங்க, காரணம் சொல்லுங்க."

பாய் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். காரணம் சொன்னால் கண் விஷயம் வெளியே வரும். வேன்காரனைக் காப்பாற்றுகிறார் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். யாரோ உள்ளே போய் எனக்கு மட்டும் இல்லாமல் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தார்கள். பாய்க்கு அது தெரியவில்லை. தன் கிளாசை வாங்கி, "குப்பு, டீ ஆறிடும், குடி" என்றார்.

அந்த மழைக்காலத்தில் பாய் காலில் ஏதோ குத்தியது. குத்தினதே தெரியவில்லை அவருக்கு. புண்ணாகி, கறுத்து, மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அண்ணன் தம்பிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மகளிடம் காலில் சின்ன கட்டு என்று மட்டும் சொல்லச் சொன்னார். வார்டில் சிக்னல் நன்றாகவே வந்தது. தலைகாணியை முதுகுக்கு வைத்து, தொப்பியைச் சரி பண்ணி, கட்டுப்போட்ட கால் தெரியாத மாதிரி பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவள் பையன் எழுந்து நிற்பதைக் காட்டினாள். ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். பாய் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முடிந்ததும் படுத்துக்கொண்டார். நான் தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு குப்பு."

நான் நின்றேன். "யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? சட்டை பச்சைன்னு அவ சொல்ல ஆரம்பிச்ச அன்னிக்கே தெரியும். கண்ணு தெரியறவனுக்கு எவனாவது கலர் சொல்லுவானா?"

"அப்ப ஏன் பாய் இத்தினி நாளா..."

"அவ சொல்லிக்கினு வரா, நான் பாத்துக்கினு வரேன். நல்லாத்தான போய்க்கினு கீது." கையை நீட்டித் துழாவி என் சட்டையைப் பிடித்தார். "எனக்குத் தெரியும்ன்றதை அவகிட்ட சொல்லிடாத. நான் உசுரோட கீற வரைக்கும் சொல்லாத. சொன்னா காட்டறதை நிறுத்திட்டு அழ ஆரம்பிச்சுடுவா."

"சொல்லல."

"அடுத்த வாரம் நடப்பான்னு சொன்னா. ரூமுக்குப் போனதும் பெட்டிக்கு ஃபுல்லா சார்ஜ் போட்டு எடுத்துக்கினு வா."